ஏலகிரிக்குச் சைக்கிள், குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி: வேலூர்ப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூரில் ஒரு குழந்தையின் சிகிச்சைக்கு என்று கேட்டால் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு என்று கேட்டுப் பாருங்கள். "அதற்கு அரசாங்கம் இருக்கிறதே" என்பார்கள். பெரிய மருத்துவமனை இருக்கும் ஊர் என்பதால் உதவி கேட்கும் துண்டறிக்கைகளும் வாட்ஸ்அப் செய்திகளும் இங்கே கொஞ்சநஞ்சமல்ல. மக்கள் கல்நெஞ்சர்கள் இல்லை. கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள். அவர்களிடம், முகம் தெரியாத குழந்தைகளுக்காக, பலன் எப்போது வரும் என்று தெரியாத ஒரு வேலைக்குப் பணம் கேட்கப் போகிறீர்கள். மலை ஏறுவதைவிட இதற்குத்தான் அதிகத் தயாரிப்பு வேண்டும். ஆகவே இந்த வழிகாட்டியில் சைக்கிளுக்கு இணையாகக் காசுக்கும் இடம் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த மகள் இருக்கிறாள். இந்தப் பாதையை நானும் மிதித்திருக்கிறேன். உங்கள் பிள்ளை இன்னும் சிகிச்சையில் இருக்கலாம். சிகிச்சை முடித்துப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கலாம். பிள்ளையை இழந்தவராகவும் நீங்கள் இருக்கலாம். மூவருக்கும் வழி ஒன்றுதான். வேகம் மட்டும் வேறு.

எந்தச் சவால்?

நம் பக்கத்தில் சாமானியர் செய்யக்கூடியவை இரண்டு.

முதலாவது, வேலூரிலிருந்து பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஏலகிரி மலைக்குச் சைக்கிளில் போய்த் திரும்புவது. போக ஏறத்தாழ 90 கிலோமீட்டர், வர அதே அளவு. மலையடிவாரமான பொன்னேரி வரை பெரிய ஏற்றம் இல்லை. அங்கிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏறி நின்றால் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரம். 2019இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் ஏலகிரி திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. வடஆர்க்காடு என்றே சொல்லிப் பழகிய நமக்கு அது இன்னும் நம்மூர் மலைதான்.

இரண்டாவது, வேலூரிலிருந்து கண்ணமங்கலம், போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்கு நடப்பது. 80 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மூன்று நாளில் முடிக்கலாம். இதில் ஒரு வசதி, பாதயாத்திரை போகிறவர்களைப் பார்த்துப் பழகிய வழி இது. தண்ணீர் தருவார்கள், திண்ணையில் உட்காரச் சொல்வார்கள், "என்ன வேண்டுதல்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியே பேச்சைத் தொடங்கி வைத்துவிடும்.

சோளிங்கர் மலையின் 1,305 படிகளை ஒரே நாளில் பலமுறை ஏறி இறங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம் என்பேன். அது கோயில், உடற்பயிற்சிக் கூடம் அல்ல. வயதானவர்கள் மூச்சு வாங்க ஏறும் படியில் நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஓடுவது நன்றாக இருக்காது. போதாததற்குக் குரங்குகள். மேலும், படி இறங்குவதில் முழங்கால் படும் பாடு ஏறுவதைவிட அதிகம்.

இனி ஏலகிரிச் சைக்கிள் பயணத்தை வைத்தே எழுதுகிறேன். நடப்பவர்கள் பயிற்சிப் பகுதியை மட்டும் தங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

நாள் குறித்தல்

பிப்ரவரி 15 உலகக் குழந்தைப் புற்றுநோய் தினம். அதையொட்டிய ஞாயிற்றுக்கிழமையைக் குறியுங்கள். காரணம் அந்தத் தினம் மட்டுமல்ல. வேலூர் வெயிலை அறிந்தவர்களுக்குத் தெரியும், மார்ச் பாதிக்குமேல் பகல் பன்னிரண்டு மணிக்கு நெடுஞ்சாலையில் நிற்கவே முடியாது. டிசம்பர், ஜனவரியில் வெயில் இதமாக இருக்கும். ஆனால் விடியற்காலைப் பனிமூட்டத்தில் லாரிக்காரருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். இன்னொரு காரணம் கணக்கு சார்ந்தது: நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. பிப்ரவரி நடுவில் பயணம் முடிந்தால், சம்பளக்காரர்கள் வரிச்சலுகையை நினைக்கும் அந்த ஆறு வாரம் உங்கள் கையில் இருக்கும்.

பின்னோக்கி எண்ணினால் தொடக்கம் செப்டம்பர். குழந்தைப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமும் அதுதான். தங்க நிற ரிப்பன் அதன் அடையாளம். ஏறத்தாழ 24 வாரங்கள் கிடைக்கும். வடகிழக்குப் பருவமழையும் தீபாவளியும் பொங்கலும் இடையில் கொஞ்சம் தின்றுவிடும். மீதி போதும்.

பணம் எங்கே போகும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் முன் செய்ய வேண்டியது ஒரு கடிதம் எழுதுவது. குழந்தைப் புற்றுநோய்க்குச் சிகிச்சையும் ஆய்வும் ஒரே இடத்தில் நடக்கும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள். நம் அருகில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னையில், முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனம் இருக்கிறது. எதுவானாலும் மருத்துவரிடம் வாய்ப்பேச்சாகக் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். நன்கொடைகளைக் கவனிக்கும் அலுவலகத்துக்கு எழுத்தில் கேளுங்கள்.

கடிதத்தில் கேட்க வேண்டியவை இவை. குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு மட்டும் என்று நோக்கம் குறித்துப் பணம் தர முடியுமா? அந்தப் பணம் பொதுக் கணக்கில் கலக்காமல் இருக்க என்ன ஏற்பாடு? நிர்வாகச் செலவுக்கு எவ்வளவு பிடிப்பார்கள்? நன்கொடையாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ரசீது கிடைக்குமா? நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் அறிவிப்பில் போடலாமா? ஓராண்டு கழித்துப் பணம் எதற்குச் செலவானது என்று ஒரு பக்கம் எழுதித் தருவார்களா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை வைத்தே அந்த அலுவலகத்தை எடை போட்டுவிடலாம்.

குறிப்பிட்ட ஒரு மருத்துவ ஆய்வுக்கு என்றால், அது இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். 2009 ஜூன் முதல் மருந்து ஆய்வுகளுக்கு அந்தப் பதிவு கட்டாயம். பதிவேடு எல்லோரும் இலவசமாகப் பார்க்கக்கூடியது. ஆய்வின் தலைப்பு, நடக்கும் மையங்கள், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எல்லாம் அதில் இருக்கும்.

உங்கள் வங்கிக் கணக்கில் ஒரு ரூபாயும் வேண்டாம்

இதில் நான் பிடிவாதக்காரன். "உங்கள் ஜிபே எண்ணைக் கொடுங்கள், உடனே போடுகிறேன்" என்பார்கள். கொடுக்காதீர்கள். நிறுவனத்தின் கியூ.ஆர். அட்டையை அச்சடித்து லேமினேட் செய்து சட்டைப் பையிலேயே வைத்திருங்கள்.

உங்கள் நேர்மை பற்றிய கேள்வி அல்ல இது. சொந்தக்காரர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் உங்கள் கணக்கில் வந்தால், வருமான வரிச் சட்டப்படி அது உங்கள் வருமானம். நீங்கள் அப்படியே எடுத்து மருத்துவமனைக்குக் கட்டினாலும் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். கொடுத்தவருக்கோ வரிச்சலுகை ரசீது கிடைக்காது, ஏனென்றால் ரசீது பணம் கட்டியவர் பெயரில்தான் வரும்.

80ஜி என்று நமக்குப் பழகிய நன்கொடை வரிச்சலுகையில் பலருக்குத் தெரியாத இரண்டு விஷயங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் சலுகை இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இந்தக் கழிவு இல்லை. இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பின்னால் தெரிந்தால் ஏமாற்றியதாக நினைப்பார்கள். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்துக்கு 2026 ஏப்ரல் முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்கள் வேறு. அறிவிப்பு அச்சடிக்கும் முன் ஒரு தணிக்கையாளரிடம் காட்டிவிடுவது நல்லது.

அடுத்தது, வெளிநாட்டுப் பணம். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார். காட்பாடிப் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். இந்தியக் குடியுரிமையோடு இருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. பிறந்தது சத்துவாச்சாரி என்றாலும் சட்டம் பார்ப்பது கடவுச்சீட்டை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு பெற்ற நிறுவனம் மட்டுமே, அதற்கென்று டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கிக் கிளையில் இருக்கும் தனிக் கணக்கில் அதைப் பெற முடியும். மாமாவுக்கு அந்தக் கணக்கு விவரத்தை நிறுவனத்திடமே கேட்டு வாங்கி அனுப்புங்கள்.

உங்கள் செலவு உங்களுடையது. சைக்கிள் வாடகை, டயர், பனியன் அச்சடிப்பு, உடன் வரும் வண்டிக்கு டீசல், இவற்றில் எதையும் நன்கொடையில் கழிக்காதீர்கள். 1980இல் கனடாவை ஒற்றைக் காலோடு ஓடிக் கடக்கப் புறப்பட்ட டெரி ஃபாக்ஸ், தன் ஓட்டத்தை எந்த வணிக நிறுவனமும் விளம்பரமாக்க விடவில்லை. எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்து, மருத்துவமனை வார்டில் சின்னக் குழந்தைகள் படும் பாட்டைப் பார்த்துக் கிளம்பியவர் அவர். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடியபின் நோய் நுரையீரலுக்குப் பரவி நின்றார். மறு ஆண்டு 22 வயதில் இறந்தார். கனடியர் ஒவ்வொருவரிடமும் ஒரு டாலர் என்பதுதான் அவர் கேட்டது. அவர் உயிரோடு இருக்கும்போதே அந்தத் தொகை சேர்ந்துவிட்டது. தொகை சிறியது, நோக்கம் ஒன்று, நடுவில் யாரும் சம்பாதிக்கவில்லை. நம் ஊருக்கும் அதுவே சரி.

ஆராய்ச்சிக்கு என்று எப்படிக் கேட்பது

லாங் பஜாரில் ஒரு மொத்த வியாபாரி. பல வருடப் பழக்கம். விஷயத்தைச் சொன்னதும், "பிள்ளை எந்த வார்டில் இருக்கிறது, சொல்லுங்கள் தம்பி. பில்லைக் கொண்டு வாருங்கள், நேரே கட்டிவிடுகிறேன். ஆராய்ச்சி என்றால் கண்ணில் எதைப் பார்ப்பது?" என்றார்.

பையிலிருந்து ஒரு மெத்தோட்ரெக்சேட் அட்டையை எடுத்து அவர் கல்லா மேல் வைத்தேன். ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையின் கடைசிக் கட்டத்தில் குழந்தைகள் வாரம் ஒருநாள் விழுங்கும் சின்ன மஞ்சள் மாத்திரை. "இதைப் பாருங்கள் பாய்" என்றேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு அட்டையைத் திருப்பி விலையைப் படித்தார். "இவ்வளவுதானா?" என்றார்.

கண்டுபிடித்து முடித்த பிறகு மாத்திரை மலிவு. கண்டுபிடிக்கும் வரைதான் செலவு. இந்த மருந்துக் குடும்பம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்; ஆராய்ச்சி என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல கதை நம் பக்கத்தில் கிடையாது. எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895இல் பீமவரத்தில், அன்றைய சென்னை மாகாணத்தில் பிறந்தவர். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போனார். ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் பொருட்களை அவருடைய குழு உருவாக்கியது. அவற்றில் ஒன்றான அமினோப்டெரினை பாஸ்டனில் மருத்துவர் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோயால் சாகக் கிடந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948இல் அந்தக் கட்டுரை வெளியான சில வாரங்களில் சுப்பாராவ் இறந்துவிட்டார். மெத்தோட்ரெக்சேட் அமினோப்டெரினின் உடன்பிறப்பு.

இரண்டாவது உதாரணத்துக்குப் பை கூட வேண்டாம். நித்தியகல்யாணிச் செடியைக் காட்டுங்கள்; சுடுகாட்டு மல்லி என்றால் எல்லோருக்கும் தெரியும். பாலாற்றங்கரை மயானத்திலிருந்து மாடித் தொட்டி வரை வளர்வது. அதிலிருந்து பிரித்தெடுத்த வின்கிரிஸ்டின் 1960களில் மருந்தாக வந்தது. இன்றும் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு முதல் மாதத்திலேயே ஏறும் ஊசி அது.

பிறகு, இன்னும் என்ன மீதி இருக்கிறது என்ற கேள்வி வரும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருகிறது. பணக்கார நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 சதவீதத்துக்கும் குறைவு. 2030க்குள் உலகெங்கும் குறைந்தது 60 சதவீதமாவது பிழைக்க வேண்டும் என்று 2018இல் அந்நிறுவனம் இலக்கு வைத்தது. மருந்து அதேதான். இடையில் இருக்கும் பள்ளம் தாமதமாகக் கண்டறிவது, கீமோ நடக்கும்போது தொற்று, சத்துக்குறைவு, இரண்டு மூன்று ஆண்டு நீளும் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பும் குடும்பங்கள் என்று பலவற்றால் ஆனது. பாஸ்டனில் எழுதிய அளவு மருந்தை, எடை குறைந்த நம் குழந்தையின் உடல் தாங்குமா? எந்தக் குழந்தைக்குக் குறைத்துக் கொடுத்தாலும் போதும்? இந்தியாவில் தேடவேண்டிய பதில்கள் இவை. வேறு யாரும் நமக்காகத் தேடித்தர மாட்டார்கள்.

பணம் எதை வாங்கும் என்றும் சொல்லுங்கள். ஆராய்ச்சி என்றதும் எலியும் சோதனைக் குழாயும்தான் மனதில் வரும். நடைமுறையில், ஒவ்வொரு குழந்தையின் விவரத்தையும் ஆண்டுக்கணக்கில் பதிந்து பின்தொடரும் ஊழியரின் சம்பளம், எலும்பு மஜ்ஜை மாதிரியைக் குளிர் பெட்டியில் கெடாமல் ஆய்வகத்துக்குக் கொண்டு போகும் செலவு, பத்தாயிரம் செல்களில் ஒரு நோய்ச் செல் ஒளிந்திருந்தாலும் காட்டிக்கொடுக்கும் பரிசோதனை ஆகியவைதான் பணத்தை இழுப்பவை. அந்தப் பரிசோதனை முடிவை வைத்துத்தான் யாருக்குக் கடுமையான கீமோ, யாருக்கு மிதமானது என்று பிரிக்கிறார்கள். இதைக் கேட்டதும் கணக்குப்பிள்ளை மனம் கொண்டவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

உங்கள் 500 ரூபாயில் மருந்து வந்துவிடும் என்று மட்டும் சொல்லாதீர்கள். வராது. சில ஆய்வுகள் "இந்த வழி சரிப்படவில்லை" என்றே முடியும். அதையும் சொல்லிக் கேளுங்கள். வியாபாரிகளுக்கு நஷ்டக் கணக்கு புரியும். பாய் அன்று 500 ரூபாய்தான் போட்டார். "ரசீது வரட்டும், பார்ப்போம்" என்றார். ரசீது கைப்பேசிக்கு வந்தபின் பக்கத்துக் கடைக்காரரை அவரே கூப்பிட்டார்.

கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய் என்று வாக்குறுதி வாங்கும் முறையும் உண்டு. போய்வர 180 கிலோமீட்டர்; கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்றால் 180, பத்து ரூபாய் என்றால் 1,800. பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்குப் பிடிக்கிறது. பெரியவர்களிடம் மொத்தத் தொகையாகக் கேட்பதே மேல், ஏனென்றால் பயணம் முடிந்தபின் வசூலுக்கு அலைவது பெரும்பாடு. ஏலகிரி வளைவுகள் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயரைத் தாங்கியவை. பதினான்கு வளைவுக்கும் பதினான்கு பெரிய நன்கொடையாளர்களைப் பிடித்து, அந்தந்த வளைவுப் பலகையின் அருகில் நின்று அவர்கள் பெயரைச் சொல்லி ஒரு சிறு காணொளி அனுப்பலாம். வள்ளல் பெயருள்ள வளைவுக்குக் கூடுதலாகக் கேட்பதில் தப்பில்லை.

ஒரு நோட்டும் போடுங்கள். கல்யாண வீட்டில் மொய் எழுதுவதுபோலப் பெயர், ஊர், தொகை. கைப்பேசியில் பணம் போட்டவர்கூடத் தன் பெயர் நோட்டில் ஏறுகிறதா என்று எட்டிப் பார்ப்பார். நீங்கள் இதுவரை யார் யார் வீட்டு விசேஷத்துக்கு மொய் வைத்தீர்களோ, அந்தப் பட்டியலில் இருந்தே தொடங்கலாம்.

தோல் தொழிற்சாலைகள், காலணி ஏற்றுமதி நிறுவனங்கள் இருக்கும் பகுதி நம்முடையது. நிகர லாபம் 5 கோடியைத் தாண்டும் நிறுவனங்கள் 2013 கம்பெனிகள் சட்டப்படி சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அங்கே கடிதத்தோடு போக வேண்டியவர் நீங்கள் அல்ல, மருத்துவமனையின் நிதி அலுவலர். நீங்கள் அறிமுகம் செய்து வைத்தால் போதும்.

பிள்ளையின் படம் வேண்டாம்

முடி கொட்டிய தலையோடு இருக்கும் குழந்தையின் படம் பணத்தைக் கொண்டு வரும், உண்மை. ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பதினாறு வயதாகும்போது அதே படம் வகுப்புத் தோழர்கள் கைப்பேசியில் சுற்றும். பெண் பிள்ளை என்றால் கல்யாணப் பேச்சு வரை துரத்தும். நம் ஊரைப் பற்றி நமக்குத் தெரியாதா? உங்கள் கதையைச் சொல்லுங்கள்: காத்திருந்த தாழ்வாரம், படித்த ரிப்போர்ட், விற்ற வளையல். பிள்ளையின் கதை பிள்ளைக்கு உரியது. விவரம் தெரிந்த வயதென்றால் "அப்பா இதைப் பற்றிப் பேசலாமா?" என்று கேளுங்கள். "வேண்டாம்" என்று சொன்னால் அதோடு விடுங்கள்.

சிகிச்சை நடந்துகொண்டிருந்தால் இன்னொரு விதி. கவுண்ட், அதாவது ரத்த வெள்ளையணு எண்ணிக்கை, இறங்கியிருக்கும் நாட்களில் 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். பயணம் பாதியில் இருந்தாலும் திரும்ப வேண்டியதுதான். அதற்காகவே உங்கள் பெயரோடு இன்னொருவர் பெயரையும் அறிவிப்பில் போடுங்கள்: தம்பி, மைத்துனர், நண்பர், யாராவது. நீங்கள் வராவிட்டாலும் அவர் மிதிப்பார். வாங்கிய வாக்கு நிற்கும். உங்களுக்குச் சளி பிடித்தால் பயிற்சியையும் நிறுத்தி, வீட்டிலும் முகக்கவசத்தோடு ஒதுங்கியிருங்கள்.

பயிற்சி

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் முதலில் ரத்த அழுத்தம், சர்க்கரை, இ.சி.ஜி. பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் பிள்ளையோடு ஆண்டுக்கணக்கில் கிடந்த பெற்றோர் தங்களுக்கு ஒரு பரிசோதனை செய்துகொள்வதே இல்லை.

வாரத்துக்கு நான்கு நாள் போதும். இரண்டு நாள் ஒரு மணி நேரத்துக்குள் சாதாரண மிதிப்பு. ஒருநாள் ஏற்றம். ஞாயிறு நீண்ட தூரம். முதல் ஞாயிறு 25 கிலோமீட்டரில் தொடங்கி, வாரந்தோறும் சிறுகச் சிறுகக் கூட்டிக்கொண்டே போங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுங்கள். மழை, பண்டிகை என்று வாரங்கள் போகும். அதற்கு ஈடாக அடுத்த வாரம் இரட்டிப்பாக மிதிக்காதீர்கள். ஜனவரிக் கடைசியில் ஒருமுறை 130, 140 கிலோமீட்டர் தொட்டுவிட்டால் மீதியை அன்றைய உற்சாகம் பார்த்துக்கொள்ளும். கடைசி இரண்டு வாரம் பாதியாகக் குறையுங்கள்.

நீண்ட தூரத்துக்கு காட்பாடியிலிருந்து வள்ளிமலைச் சாலை நல்லது. காலையில் வண்டி குறைவு, வயல்காற்று உண்டு. ஏற்ற இறக்கத்துக்கு அமிர்திச் சாலை. ஏலகிரியையே பயணத்துக்கு முன் ஒருமுறையாவது தனியாக ஏறிப் பாருங்கள். வாணியம்பாடி வரை வண்டியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய் அங்கிருந்து தொடங்கலாம். ஏறுவதைவிட இறங்கிப் பழகுவதற்குத்தான் இது தேவை. பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே இறங்கினால் சூடேறிப் பிடிப்புக் குறையும். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும், வளைவுக்குள் அல்ல. எதிரே வரும் பஸ் முழுச் சாலையையும் எடுத்துக்கொண்டுதான் திரும்பும்.

விலை உயர்ந்த சைக்கிள் வேண்டியதில்லை. கியர் உள்ளது, ஏற்றத்துக்கு ஏற்ற சிறிய கியர் உள்ளது, இருக்கை உயரம் உங்கள் காலுக்குச் சரியாக வைத்தது. மிதியின் கீழ் நிலையில் முழங்கால் இலேசாக மடிந்திருக்க வேண்டும். பஞ்சர் ஒட்டவும் டியூப் மாற்றவும் நீங்களே பழகிக்கொள்ளுங்கள். ஞாயிறு விடியலில் எந்தக் கடையும் திறந்திருக்காது.

அந்த நாள்

ஐந்தரை மணிக்குப் புறப்பட்டால் வெயில் ஏறும் முன் வாணியம்பாடியைத் தாண்டிவிடலாம். பின்பக்கம் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கட்டும், பகலிலும்கூட. தலைக்கவசம் இல்லாமல் வேண்டாம். பெங்களூர் நெடுஞ்சாலையில் வெள்ளைக் கோட்டுக்கு இடப்புறம் செல்லுங்கள். சர்வீஸ் சாலை பாதுகாப்பு என்று நினைப்பீர்கள். எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டிகள் அங்கேதான் அதிகம். உடன் வரும் வண்டி உங்களுக்குப் பின்னால் ஊர்ந்து வர வேண்டாம், அது ஆபத்து. இருபது கிலோமீட்டருக்கு ஓரிடமாக முன்னே போய் நிற்கட்டும். தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ போனால் அமைதியாகப் போய்விடலாம். கூட்டம் சேர்த்து, பதாகை, கொடியசைப்பு என்று செய்வதானால் காவல்துறை அனுமதி வாங்கிய பிறகே.

சாப்பாடு வீட்டுச் சாப்பாடுதான். புறப்படும் முன் இட்லி. சைக்கிளில் ஏறிய பிறகு பசிக்கும் வரை காத்திருக்காமல், மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு வாழைப்பழம் ஏறக்குறைய 25 கிராம். அதோடு கடலை மிட்டாய், பொரி உருண்டை. தண்ணீர் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல். ஆனால் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்பு இறங்கித் தலை சுற்றும், வாந்தி வரும். ஒரு புட்டியில் ஓ.ஆர்.எஸ்., இல்லாவிட்டால் உப்புப் போட்ட மோர். இளநீரில் பொட்டாசியம் அதிகம், உப்பு குறைவு. அது மட்டும் போதாது. உடல் கொதித்து, பேச்சுக் குழறினால் அது களைப்பு அல்ல, வெப்ப அதிர்ச்சி. நிழல், ஈரத்துணி, மருத்துவமனை.

ஆம்பூரைக் கடக்கும்போது பிரியாணித் தம் பிரிக்கும் வாசனை மூக்கைத் துளைக்கும். போகும்போது தொடாதீர்கள். திரும்பும்போதும் அரைப் பிளேட்டோடு நிறுத்தினால் வேலூர் வரை வயிறு உங்களோடு ஒத்துழைக்கும்.

மேலே ஏறியதும் அத்தனாவூரில் ஒரு மணி நேரமாவது படுத்துவிடுங்கள். திரும்பும் வழி பிற்பகல் வெயிலில். இருட்டுவதற்குள் முடியாது என்று தோன்றினால் ஜோலார்பேட்டை ரயில் நிலையம் அருகில்தான் இருக்கிறது. அங்கே பயணத்தை முடித்துக்கொண்டு, மிதித்த தூரத்தை உள்ளபடியே அறிவியுங்கள். நன்கொடையைத் திரும்பக் கேட்ட யாரையும் நான் பார்த்ததில்லை.

முடித்த பிறகு

மறுநாளே நிறுவனத்திடமிருந்து வரவு விவரம் வாங்கி, மொத்தத் தொகையை நோட்டில் உள்ளவர்கள் அனைவருக்கும் அனுப்புங்கள். உங்கள் சொந்தச் செலவையும் தனியாக எழுதிக் காட்டுங்கள். நன்கொடையில் கைவைக்கவில்லை என்று தெரிய வேண்டும். வாக்குக் கொடுத்துக் கட்டாதவர்களுக்கு ஒரு நினைவூட்டல், மார்ச் 20 வாக்கில் இன்னொன்று. அதற்குமேல் கேட்க வேண்டாம். அவர்கள் வீட்டில் என்ன நெருக்கடியோ.

நிதியாண்டு முடிந்தபின், மே 31க்குள் நிறுவனம் நன்கொடையாளர் விவரத்தை வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்து சான்றிதழ் தர வேண்டும். பான் எண்ணைத் தவறாகக் கொடுத்தவர்களுக்கு அது வந்து சேராது. ஜூன் முதல் வாரத்தில் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, யார் யாருக்கு வரவில்லை என்று ஒவ்வொருவராக அழைத்துக் கேளுங்கள். வராதவர்கள் பெயரைச் சேர்த்து அலுவலகத்துக்கு ஒரே கடிதமாக எழுதினால், ஜூலையில் அவர்கள் வரிக் கணக்குத் தாக்கல் செய்வதற்குள் திருத்திவிடலாம்.